பூப் பறிக்கப் போனவர்களின் தண்ணீர்: ஒரு பேரூராட்சி வார்டின் முதல் இரண்டு வருடம்

மதுரை மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றின் ஒரே ஒரு வார்டில், 2022 மார்ச் முதல் 2023 டிசம்பர் வரை நடந்தது இது. ஊர்ப் பெயர், வார்டு எண், கட்சி எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நான் அதே வார்டில் குடியிருப்பவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாக ஜெயித்த கவுன்சிலருக்கு மனு நோட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால் கீழே வரும் தவறுகளில் சிலவற்றுக்கு நானும் பொறுப்பு.

பின்னணி

வார்டு என்றால் மேலத்தெரு, நடுத்தெரு, இரண்டு சந்து, அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. ஓட்டு எண்ணூற்றுச் சொச்சம். வேட்பாளருக்கு எல்லா வீடும் தெரியும், எல்லா வீட்டுக்கும் வேட்பாளரைத் தெரியும்.

எங்களுக்குக் கவுன்சிலர் என்ற ஆளே ஐந்து வருடத்துக்கு மேல் இல்லை. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் வழக்குகளில் மாட்டித் தள்ளிக்கொண்டே போக, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை, மார்ச் 2 அன்று பதவியேற்பு. இத்தனை வருடமாகச் சொல்ல இடமில்லாமல் கிடந்த குறைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் ஒன்றாக இறங்கின.

பக்கத்துக் கிராம ஊராட்சியில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும்; யாரும் எழுந்து கேட்கலாம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. 100 நாள் வேலையும் அப்போது கிடையாது, அது கிராம ஊராட்சிகளுக்கான திட்டமாக இருந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் அந்த வேலை இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. இதை வார்டில் முக்கால்வாசிப் பேர் கவுன்சிலரின் கையாலாகாத்தனம் என்றே நினைத்தார்கள்.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஜெயித்தவர் மேலத்தெருக்காரர், வயது நாற்பதுக்குள், பத்தாம் வகுப்பு வரை படித்தவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர். கணவருக்கு முக்கில் டீக்கடை, கட்சியில் சின்னப் பொறுப்பு. தேர்தல் நோட்டீஸில் முகம் அவருடையது, போன் நம்பர் கணவருடையது. அச்சடித்துக் கொண்டுவந்தபோது நானும் பார்த்தேன். எனக்கும் அது உறுத்தவில்லை.

முதல் ஆறு வாரம்

பொன்னாடை, மாலை எல்லாம் முடிந்ததும் மனுக்கள் வரத் தொடங்கின. வந்த இடம் டீக்கடை. கணவர் கேட்பார், நான் எழுதுவேன், சாயந்திரம் கவுன்சிலர் கையெழுத்துப் போடுவார். நோட்டில் முதலில் நிறைந்தவை இவை: மேலத்தெருவுக்குப் பேவர் பிளாக் ரோடு, நடுத்தெரு முனையில் வளைவு, கோயில் முன்னால் கலையரங்கம், பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பையனுக்கு ஒரு வேலை, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை.

எழுதும்போதே பழைய பழக்கத்தில் ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தேன்: எது பேரூராட்சியின் வேலை, எது இல்லை. பாதிக்கு மேல் இல்லை. பட்டாவும் உதவித்தொகையும் வருவாய்த் துறை. ரேஷன் கார்டு உணவுப் பொருள் வழங்கல் துறை. ஆனால் ஓட்டுப் போட்டவருக்கு அரசாங்கம் என்றால் ஒன்றுதான். அதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் கவுன்சிலர்.

இன்னொன்றும் பார்த்தேன், அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. நோட்டில் காலனிக்காரர் பெயர் ஒன்றிரண்டுதான். பெண்கள் பெயர் அதைவிடக் குறைவு. காலனிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “காசு வாங்கிட்டோம்ல சார், என்னன்னு கேக்குறது?” என்றார். மேலத்தெருவிலும் அதே காசு போனது. அங்கே யாருக்கும் அந்தக் கூச்சம் வரவில்லை.

சுலபமானது தெருவிளக்கு. கம்பத்து நம்பரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் எரிந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பியிருந்தோம்.

வரித் தீர்மானம்

ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் மாதிரி ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வரியைச் சீரமைத்தால்தான் 15ஆவது நிதிக்குழுவின் மானியம் வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆக, புதிய மன்றங்கள் முதன்முதலில் எடுத்துக்கொண்ட பெரிய காரியமே வரியை ஏற்றும் தீர்மானம். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் யாரும் வீட்டு வாசலில் இதைப் பேசவில்லை.

மன்றக் கூட்டத்தில் பொருள் நிரலை வாசித்தார்கள், தீர்மானம் நிறைவேறியது, கவுன்சிலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வந்தார். அதே வாரம் கணவர் டீக்கடையில், “நம்ம வார்டுக்கு ஏறாது, நான் பேசிக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அது பொய்.

அடுத்த வாரம் தெருக்குழாயில், குடம் வைக்க இடம் கேட்டு நின்ற ஒரு பாட்டி கவுன்சிலரை நேராகப் பார்த்துக் கேட்டார்: “ஏத்தா, வரிக்குக் கையெழுத்து நீ போட்டியா, ஓம் புருசன் போட்டானா?”

அன்று சாயந்திரம் கவுன்சிலர் என் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லாமல் தனியாக வந்தது அதுதான் முதல் முறை. “சார், அந்தத் தீர்மானத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. படிச்சுக் காட்டுங்க” என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஏறும், அவர் வீட்டுக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

எடுத்த முடிவுகள்

மூன்று முடிவுகள் எடுத்தார். முதலாவது, தனக்கென்று ஒரு போன். விலை குறைந்த பட்டன் போன்தான். நம்பரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் குழாயடியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினோம். கணவர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், “ராத்திரி வர்ற போனை நான் எடுக்கிறேன்” என்ற ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அது நல்ல ஏற்பாடுதான்; ராத்திரி பத்து மணிக்கு மேல் குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்களும் வாக்காளர்களே.

இரண்டாவது, மனு வாங்கும் இடம் டீக்கடை இல்லை. தண்ணீர் விடுகிற நாளில், காலையில், குழாயடியில். இது முழுக்க அவருடைய யோசனை. நான் மகளிர் குழுக் கட்டடத்தில் மேஜை போடலாம் என்றேன். “அங்க வர்றதுக்குச் சேலை மாத்தணும் சார், யாரும் வர மாட்டாக” என்றார்.

மூன்றாவது என் யோசனை. பேரூராட்சிக்குச் சம்பந்தமில்லாத மனுவை வாங்கக் கூடாது. எந்த அலுவலகம், யாரைப் பார்க்க வேண்டும் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் பாதி தோற்றது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழாயடியில் தெரிந்தது

எங்கள் பக்கம் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. முறை நாளில் காலை ஐந்தரைக்கு மேலத்தெரு, ஆறேகாலுக்கு நடுத்தெரு, ஏழுக்குக் காலனி, ஏழே முக்காலுக்கு நின்றுவிடும். காலனிக் குழாயில் கவுன்சிலர் நின்ற முதல் இரண்டு முறையும் வயசானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் குடத்தோடு இருந்தார்கள். பெரியவர்கள் எங்கே என்று கேட்டதற்கு ஒரு சிறுமி, “பூவுக்குப் போயிருக்காக” என்றாள்.

மதுரை மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், மலர்ந்தால் விலை போகாது. விடிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் காலனிப் பெண்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், திரும்ப எட்டரை ஆகிவிடும். மூன்றாவது முறை கவுன்சிலர் ஒன்பது மணி வரை காத்திருந்தார், நானும் இருந்தேன். வரப்பு வழியாக ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சேலைக் கரை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. நெற்றியில் டார்ச் லைட்டின் ரப்பர் பட்டை அழுத்திய தடம். விரல் நுனியெல்லாம் காம்புக் கறை படிந்து கறுத்திருந்தது. குழாய் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“அக்கா, இத ஏன் யாரும் சொல்லல?” என்று கவுன்சிலர் கேட்டார். மேலத்தெருப் பெண் ஒருத்தி காலனிப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

“யார்ட்டம்மா சொல்ல? டீக்கடையில போய் நின்னு தண்ணி வரலன்னு சொல்றதா?”

டீக்கடை நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ரோடு கேட்டு வந்த பெயர்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் நேரத்தை மாற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. கேட்ட ஆளும் கேட்கப்பட்ட இடமும் வேறு என்பதால் ஊரின் தேவையே வேறாகத் தெரிந்திருக்கிறது.

முதல் முயற்சி, மே 2022

காலனிக்கு ஒன்பது மணிக்குத் தண்ணீர் விட முடியுமா என்று தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரிடம் கேட்டோம். “விட்ரலாம், எழுத்துலல்லாம் வேணாம்” என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. எழுதிக் கேட்டால் ஃபைல் ஆகிவிடும், ஃபைல் ஆனால் ஆறு மாதம் என்பது என் சர்வீஸ் அனுபவம். கவுன்சிலர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன்.

சொன்னபடி ஒன்பதுக்குத் தண்ணீர் வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு பெண் ஒரு செம்புத் தண்ணீரைக் கவுன்சிலரிடம் நீட்டி, “குடிச்சுப் பாரு தாயி” என்றார். உப்பு. அதில் பருப்பு வேகவில்லை, டீ திரிந்துபோகிறது என்றார்கள்.

நடந்தது இதுதான். மேல்நிலைத் தொட்டி ராத்திரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஆற்றுத் தண்ணீரால் நிரம்பும். அது ஏழே முக்காலுக்குள் காலியாகிவிடும். அதன்பின் பேரூராட்சி போர்வெல் மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் ஏற்றுவார்கள். அதைத்தான் ஆபரேட்டர் காலனிக்குத் திறந்திருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்று கேட்கத் தோன்றாதவர்கள் நாங்கள். அந்த வாரமே பழைய நேரத்துக்குத் திரும்பினோம். காலனியில் கவுன்சிலரைப் பார்த்துச் சிரிப்பதுகூடக் கொஞ்ச நாள் நின்றுபோனது.

இரண்டாம் முயற்சி, ஜூன் முதல் செப்டம்பர் வரை

இந்த முறை எழுத்தில் போனோம். காலனிப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு மனு. கேட்டது இரண்டு: ஆற்றுத் தண்ணீரில் காலனிக்கு உரிய பங்கைத் தொட்டியிலேயே நிறுத்தி ஒன்பதுக்கு விட வேண்டும், அதற்குக் காலனி லைனுக்குத் தனி கேட் வால்வு போட வேண்டும். பேரூராட்சி நிர்வாகத்தைக் கவனிக்கும் செயல் அலுவலர் ஒரு காலையில் வந்து பார்த்தார். வால்வுக்கு ஆகும் செலவு பெரிதில்லை, பொது நிதியிலிருந்து செய்யலாம் என்றார். ஜூலைக் கூட்டத்தில் “உங்க வார்டுக்கு மட்டுமா?” என்று மற்ற உறுப்பினர்கள் கேட்டதில் தள்ளிப்போய், ஆகஸ்டில் தீர்மானம் ஆனது. செப்டம்பரில் வால்வு வந்தது.

அதற்குள் மேலத்தெரு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. தொட்டியில் தண்ணீரை நிறுத்தினால் மேலத்தெருவுக்கு இருபது நிமிடம் குறையும். “நாங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சா, தண்ணி அங்க போகுதா?” என்று டீக்கடையிலேயே கேட்டார்கள். இந்த வாக்கியத்தில் “அங்க” என்ற சொல்லில் என்னென்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேலத்தெருவுக்கு ஏன் முக்கால் மணி நேரம் போதவில்லை என்று ஆபரேட்டரிடம் தனியாகக் கேட்டேன். சுற்றிவளைத்துச் சொன்னார்: சில வீடுகளில் குழாய் இணைப்பிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அவர்களுக்குச் சம்ப்பு நிறைந்து வழிகிறது, கடைசி வீட்டுக்குச் சொட்டுகிறது. எந்த வீடுகள் என்றேன். தயங்கித் தயங்கி முதலில் சொன்ன வீடு கவுன்சிலர் வீடு.

இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. “மாமனார் காலத்துல மாட்டுனது சார், எல்லாரும் வச்சிருக்காகன்னு நானும் விட்டுட்டேன்” என்றார். அடுத்த தண்ணீர் முறைக்கு முதல் நாள், பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிளம்பரை வைத்துக் கழற்றினார். மோட்டாரைத் திண்ணையில் துணி போட்டு மூடாமல் வைத்திருந்தார். கணவர் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்விட்டார்.

அந்த மாதத்தில் இன்னும் நாலு வீட்டில் கழற்றினார்கள். எல்லோரும் கழற்றவில்லை. ஆனால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்ததும், அதுவரை அதிகம் சத்தம் போட்ட அந்தக் கடைசி வீட்டுக்காரர் அமைதியாகிவிட்டார். அவர் பிரச்சினை காலனியாக இருந்ததே இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார்தான். தொட்டிச் சுவரில் எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்று பெயின்டில் எழுதினோம். காலனிக்கு ஒன்பது முதல் ஒன்பதே முக்கால்.

அதன் பிறகு

சுவரில் எழுதியது இரண்டு பக்கமும் வெட்டியது. பத்து நிமிடம் தாமதமானாலும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். 2023 மே மாதம் போர்வெல் மோட்டாரின் சுருள் எரிந்துபோனது. அதே வாரம் கூட்டுக் குடிநீரும் குறைந்தது. கவுன்சிலர் முறை நாளில், தண்ணீர் வராது என்று தெரிந்தும், வழக்கமான நேரத்துக்குக் குழாயடியில் போய் நின்றார். “இன்னைக்கு இல்ல, வெள்ளிக்கிழமைதான். லாரி சாயந்திரம் வருது” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். திட்டு வாங்கினார். ஆனால் அன்று யாரும் மறியல் என்ற பேச்சை எடுக்கவில்லை. முந்தைய கோடையில் இதைவிடச் சின்னத் தட்டுப்பாட்டுக்கே ரோட்டில் காலிக்குடத்தை அடுக்கிய அதே ஆட்கள் இவர்கள்.

துண்டுச் சீட்டுக் கதைக்கு வருகிறேன். படிக்கத் தெரிந்த, பஸ் ஏறத் தெரிந்த ஆட்களுக்கு அது உதவியது. உதவித்தொகை கேட்ட ஒரு மூதாட்டி சீட்டை முந்தானையில் முடிந்து மூன்று மாதம் வைத்திருந்தார். “இதக் காட்டுனா காசு குடுப்பாகளா?” என்று அப்புறம் கேட்டார். கவுன்சிலர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவரை இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கூட்டிப் போனார். 2023 ஆகஸ்டில் அந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனபோது மூதாட்டிக்கு உத்தரவு வந்திருந்தது. “கவுன்சிலர்தான் ஏத்திக் குடுத்தா” என்று தெருவெல்லாம் சொன்னார். கவுன்சிலர் திருத்தப் பார்த்தார், முடியவில்லை.

மேலத்தெரு பேவர் பிளாக் ரோடு 2023 முடியும்வரை வரவில்லை. வளைவும் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, துக்க வீடு எதையும் விடவில்லை என்பதால் செய்முறைச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய். ஒரு முகூர்த்த மாதத்து மொய்க்கே அது காணாது. இது பற்றி வாக்காளர் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு முறை என்றால்

நோட்டீஸில் வேட்பாளரின் சொந்த நம்பர் இருக்க வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைத்து விட்டதில் பல வாரம் போனது.

முதல் மன்றக் கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரலை வாங்கி, வரி வரியாகப் படித்துவிட்டுப் போகச் சொல்வேன். வரித் தீர்மானத்தை அவர் எதிர்த்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். ஆனால் பாட்டியின் கேள்விக்கு, “நான்தான் போட்டேன், இதுக்காகத்தான்” என்று பதில் சொல்லியிருப்பார்.

வாய்வார்த்தையாக ஆபரேட்டரிடம் சொல்லி முடிப்பதை நான் இனி பரிந்துரைக்க மாட்டேன். அது குறுக்கு வழி என்பதைவிட, எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்காமலே முடிந்துவிடுகிறது என்பதே என் குறை. செயல் அலுவலர் தொட்டிக்கு வந்து நின்றபோதுதான் உப்புத் தண்ணீர்க் கணக்கு எனக்கே முழுதாகப் புரிந்தது.

மோட்டார் விஷயத்தை மேலத்தெருக்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் மரியாதை என்று அப்போது நினைத்தேன். என் வீட்டுக்கு எதிர்வீட்டிலும் ஒரு மோட்டார் ஓடியது.

நோட்டின் கடைசிப் பதிவு 2023 டிசம்பரில், காலனியிலிருந்து. வாய்க்கால் கரையில் மூன்று கம்பம் வேண்டும், விடியற்காலை மூன்று மணிக்கு அந்த வழியாகத்தான் பூவுக்கு நடக்கிறோம், போன மாதம் ஒருத்தியைப் பாம்பு கடித்தது என்று சொன்னார்கள். கரை பேரூராட்சிக்குச் சொந்தமில்லை, நீர்வளத் துறையுடையது. கம்பம் நட அவர்களின் சம்மதம் வேண்டும். துண்டுச் சீட்டு எழுதவில்லை. கவுன்சிலரே கடிதத்தோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒப்புகைச் சீட்டை நோட்டில் ஒட்டியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.